கனடா மாமாவோடு கதைத்த பிள்ளை

வெளிநாட்டிலிருந்து யார் அழைத்தாலும் நான் நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போனை மகளின் கையில் திணித்துவிடுவேன். "இந்தா, மாமாவோடை கதை." யாரென்று கண்ணால் கேட்பாள். "கதை பிள்ளை, ஆரெண்டு பிறகு சொல்லுறன்." எங்கள் கொக்குவிலில் எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். பிள்ளைகள் பிறக்கமுன்பே வெளிநாடு போய்விட்ட சொந்தங்களை வேறு எப்படிப் பழக்குவது?

போன வருடம் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு செய்தோம். வெளிநாட்டுச் சனம் பார்க்கட்டும் என்று அத்தனை படங்களையும் முகநூலில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டேன். கீழே ஆளாளுக்கு முறை சொல்லி வாழ்த்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து நின்றாள். கையில் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன்.

"அம்மா, கனடா மாமா வீட்டு உடுப்போடை படம் கேக்கிறார். உங்கடை ஒண்டவிட்ட தம்பியாம். மூண்டு கிழமையாக் கதைக்கிறார்."

எனக்குக் கனடாவில் அப்படியொரு தம்பி இல்லை. கையைக்கூடக் கழுவாமல் போனைப் பறித்து அவன் எழுதியதை வாசித்தேன். என் அண்ணையின் பெயர், எங்கள் கோயில், அன்றைக்கு மகள் உடுத்த சேலையின் நிறம் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் போட்ட படங்களிலிருந்தும் சனம் எழுதியதிலிருந்தும் பொறுக்கியிருக்கிறான், படுபாவி. கடைசியில், "அம்மாவுக்குச் சொல்லாதை" என்று எழுதியிருந்தான்.

"முன்பின் தெரியாதவனோடை உனக்கென்னடி கதை?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. "நீங்கள் கதைக்கச் சொல்லுற ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே அம்மா."

எனக்கு வெட்கமாக இருந்தது. "படம் ஏதும் அனுப்பினனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சொல்லாதை எண்டது ஒருமாதிரி இருந்தது. அதுதான் வந்தனான்."

மீன் கையோடேயே அவளைக் கட்டிப்பிடித்தேன்.

கணவர் வந்ததும், அவன் எழுதியது எதையும் அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு அவனைப் போனில் தடுத்தோம். பொலிசில் முறைப்பாடும் கொடுத்தோம். சாமத்திய வீட்டுப் படங்களை நானே ஒவ்வொன்றாக நீக்கினேன். மகளின் போனைப் பறித்து வைக்கவில்லை. வைத்தால் அடுத்தமுறை என்னிடம் வரமாட்டாள் என்று பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கணவரின் அக்கா சுவிஸிலிருந்து போன் எடுத்தார். இது உண்மையான மச்சாள். "எங்கை என்ரை மருமகள்? குடும் பாப்பம்."

பழக்கதோசத்தில் கை நீண்டுவிட்டது. இழுத்துக்கொண்டேன். "பிள்ளை உங்களைக் கண்டதில்லை மச்சாள். அவளுக்கு விருப்பமெண்டால் கதைப்பாள்."

"இதென்ன புதுப் பழக்கம்?"

"ஓம், புதுசுதான்."

மகள் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள், வேண்டாமென்று. "இண்டைக்கு வேண்டாமாம்" என்றேன். மச்சாளுக்குக் கோபம். பிறகு மூன்று கிழமை எடுக்கவேயில்லை.

நேற்று உடுப்பு மடிக்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, அந்தச் சுவிஸ் மாமி எங்களுக்கு என்ன முறை?"

பிறகு சொல்லுறன் என்று பதின்மூன்று வருடமாகச் சொல்லி வந்ததை, பக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.