தறிக்குழி

பெட்ரோல் பங்கில் சிவப்பு வாளி தொங்கியது. கையை விட்டுப் பார்த்தேன். மணல் நன்றாகக் காய்ந்து இருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது சங்கரன்கோவிலில் எங்கள் நெசவாளர் தெரு முழுக்க ஓலைக்கூரைதான். கோடை வந்தால் வாசலுக்கு ஒரு பானை மணலும் ஒரு தொரட்டியும் இருக்க வேண்டும். ஒரு வீடு பற்றினால் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொரட்டியால் இழுத்துப் போட்டுவிடுவார்கள். தீ தாவாது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீடு பற்றியது. பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாடையோடு புகையும் சேர்ந்து அடித்தது. அம்மாவும் நானும் வெளியே ஓடிவந்தோம். தம்பி முருகனைக் காணவில்லை. அம்மா திரும்ப உள்ளே போய்க் கத்தினாள். புகையில் ஒன்றும் தெரியாமல் வெளியே வந்தாள். அதற்குள் எங்கள் கூரையில் தொரட்டியை மாட்டியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கூரைய இழுக்காதிய! பிள்ள உள்ள இருந்தா?"

"இழுக்கலன்னா எல்லாம் போயிரும் தாயி, தள்ளு," என்றார் எதிர்வீட்டுச் சுப்பையா மாமா.

கூரை தெருப்பக்கம் சரிந்தது. புகை மேலே போனது. வெயில் உள்ளே இறங்கியது. தறியில் உட்காருகிறவர் கால் தொங்கவிடும் குழிக்குள் ஒரு தலை தெரிந்தது. குளிர்ச்சிக்கு இறங்கியவன் அப்படியே தூங்கிவிட்டான்.

மாமா தூக்கினார். "ஏலே, தெருவே எரியுது, ஒனக்கு ஒறக்கமா?"

"கண்ணு கூசுது மாமா."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அன்று ராத்திரி கூரையில்லாத வீட்டில் நன்றாகத் தூங்கினோம்.

"அந்த வாளில என்னக்கா இருக்கு? ஏறு," என்றான் பெட்ரோல் போட்டு முடித்த முருகன். அவன் தலை நரைத்துவிட்டது.

பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, மெதுவாப் போ."