சீருக்கு எடுத்த கேமிங் லேப்டாப்

எங்கள் வீட்டில் லேப்டாப் இருந்ததே இல்லை. ஆனாலும் ஏழாவது படிக்கும்போதே எந்த லேப்டாப்பில் எந்த கேம் திணறாமல் ஓடும், எது கொஞ்ச நேரத்திலேயே தோசைக்கல் மாதிரி சூடாகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்பாவின் போனில் கேம் ஆடுவேன். ஆடாத நேரத்தில் கேமிங் லேப்டாப்பைப் பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோவைப் பார்ப்பேன். இந்த அறிவால் குடும்பத்துக்கு ஏதாவது உபயோகம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது இருந்தது.

அக்கா திருச்செங்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். மாப்பிள்ளைக்கு மல்லசமுத்திரம் பக்கம்; ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். வீடு தோட்டத்துக்குள் இருந்தது. பஸ் ஏற வேண்டுமென்றால் வெகுதூரம் நடக்க வேண்டும். அதனால் கல்யாணத்துக்கு அக்காவுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் சேர்த்த பணம். ஸ்கூட்டி இருந்தால் அவள் வேலையை விட வேண்டியதில்லை.

பேச வந்தவர்கள் ரொம்ப நல்லவர்கள். “நாங்க எதையும் கேக்கலீங்க. உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதுதானுங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கிளம்பிச் செருப்பு மாட்டும்போதுதான் அவர் மனைவிக்கு ஞாபகம் வந்தது. பையனின் லேப்டாப் பழசாகிவிட்டதாம். ஆபீஸ் வேலைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் போதுமாம். கேட்காதவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

அப்பா பட்ஜெட்டைச் சொல்லி, அதற்குள் நல்லதாக ஒன்று பார்க்கச் சொன்னார். ஆபீஸ் வேலைக்குத் தாராளமாகப் போதுமான ஒன்றை ஒரே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் மாப்பிள்ளை போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார்.

“ஏனுங் கொழுந்தியா, நீங்கதான் எனக்கு லேப்டாப் எடுக்கறீங்களாமா?”

என்னை ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் மனிதர் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் ஆடுகிற கேமையே அவரும் ஆடினார். அதைப் பற்றிப் பேசப் பேச, இப்படியொரு மாமா கிடைக்க அக்கா கொடுத்து வைத்தவள் என்று தோன்றியது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: நீங்க பார்த்ததில் கிராபிக்ஸ் கார்டு இல்லையே, கேம் எப்படி ஓடும்? நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லிவிடாதீங்க, நீங்களே சொல்வது மாதிரி சொல்லுங்க.

எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைப் போட்டு நச்சரித்தேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பும் டப்பாவும் ஒன்று என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அக்காவுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கூட்டி பார்த்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அடுத்த போனில் ரேம் பத்தாது என்றார் மாப்பிள்ளை. அதற்கடுத்த போனில் ஸ்கிரீன் சரியில்லை. அப்பாவிடம் அவர் பேசும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று மட்டும்தான் கேட்பார். அப்படியொரு மரியாதை.

வாங்குவதற்குச் சேலம் போனோம். சூரமங்கலத்தில் ஒரு கடை. ஏசிக்குள் செருப்போடு போகலாமா என்று அப்பா வாசலில் தயங்கி நின்றார். கடைக்காரர் பட்ஜெட் என்னவென்று கேட்டதற்கு அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் மாடலைச் சொன்னேன். எடுத்து வைத்தார்கள். கீபோர்டெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இதுக்குக் கம்மியா எதும் இல்லீங்களா?” என்று கேட்டார் அப்பா.

“இருக்குங்க. ஆனா அது ஆபீஸ் வேலைக்குத்தான் ஆகும்” என்றார் கடைக்காரர்.

“மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலைக்குத்தானே சாமி வேணும்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கையில் இருந்தது போதாமல், யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது அக்காவும் வந்து பார்த்தாள். ஸ்கூட்டியை ஆடி கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. “பரவால்லீங்கப்பா, மெதுவாப் பாத்துக்கலாம்” என்றாள் அக்கா. எந்த ஆடி என்று அப்பாவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் பஸ்ஸுக்கு நடந்துபோய்த்தான் வேலை பார்த்தாள். இருட்டுக்கு முன்னால் வீடு வந்து சேர முடியவில்லை. பிறகு மாமியாருக்கு முட்டிவலி வந்தது. வேலையை விட்டுவிட்டாள். ஆளையும் அவள் வேலையையும் சேர்த்து விழுங்கிவிட்டு, தாங்கள் ஒன்றுமே கேட்கவில்லை என்று அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் பள்ளி விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து ஆட விட்டார். கேம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. டீ குடித்த டம்ளரை எடுக்க வந்த அக்கா என் பின்னால் நின்று பார்த்தாள்.

“நல்லா ஓடுதா?” என்று கேட்டாள்.

“சூப்பரா ஓடுது. இன்னும் கொஞ்சம் ரேம் போட்டா பறக்கும்” என்றேன்.

“உங்கப்பாகிட்டச் சொல்லு, போட்டுக் குடுப்பாரு” என்று மாமா சிரித்தார்.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல் அறைக்குப் போனாள். பாவம், அவளுக்கு லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தேன்.