சாராயம் மணக்காத சனிக்கிழமை

பத்து வயதில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டுச் சித்தப்பா பின்னேரம் வந்ததும், அவர் வாயை மணந்து பார்த்துச் சித்திக்கு அறிவிக்க வேண்டும்.

அந்த உத்தியோகம் மடுமாதா தந்தது. சண்டை நின்று வடக்குப் பாதை திறந்திருந்த வருடம் அது. கொட்டாஞ்சேனையில், ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒட்டிக்கிடந்த வரிசைவீடுகளான எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து வடக்கே காட்டுக்குள் இருக்கிற மடுமாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போனோம். மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி நாலு நாள் தங்கினோம். நுளம்பு கடித்தது. கடிபடாமல் அருள் கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். கடைசி நாள் சித்தப்பா மாதாவின் முன்னால் முழந்தாளிட்டு, இனிச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சித்தி அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஆனால் சித்தி கெட்டிக்காரி. மாதாவை நம்பினாள், சித்தப்பாவை நம்பவில்லை. அதனால் என்னை நியமித்தாள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டப்போகிற முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பவளும் நான்தான். படிக்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று தோட்டத்தில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் புதுச் சட்டை போல உடுத்திக்கொண்டு திரிந்தேன்.

சித்தப்பா இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். வாசலில் குனிந்து, "டொக்டரம்மா, பாருங்கோ" என்று என் முகத்தில் ஊதுவார். வெற்றிலை, பிளேன்டீ, சில நாள் வெங்காயம். "மணக்கேல்ல சித்தி!" என்று குழாயடிக்கே கேட்கக் கத்துவேன். சித்தி சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்புவாள்.

இரண்டு கிழமை அப்படிப் போனது. பிறகு சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தார். இரண்டு குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே அவர் வந்துவிட்டார். நான் குழாயடியில், பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தை என் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"சித்தப்பா, ஊதுங்கோ."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஆரடி நீ? தள்ளு!"

தள்ளிய தள்ளில் புத்தகம் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

"மாதாவுக்குக் குடுத்த சத்தியம் ரெண்டு கிழமைதான் தாங்கிச்சு போல" என்றாள் குழாயடியில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சித்தி வெளியே வந்தாள். "மகள், வடிவா மணந்து பார்."

அவர் வாசற்படியில் சரிந்திருந்தார். நான் குனிந்தேன். எரிகிற அடுப்புக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனது போலச் சுட்டது. புளித்த வாந்தி வாடை இருந்தது. சாராயம் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"மணக்குது" என்றேன்.

நனைந்த புத்தகத்துக்காகச் சொன்னேன். சித்தி இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருப்பாள், அவ்வளவு தண்டனை போதும் என்று நினைத்தேன்.

சித்தி ஏசவில்லை. மடுவில் வாங்கிய பதக்கத்தை அவர் கழுத்திலிருந்து கழற்றினாள். அவளும் அப்பாவும் அவரைப் பின்னறையில் கிடத்தி, வெறி முறியட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து அவர் கப்பல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் இல்லை. தூங்கிவிட்டார் என்று எல்லோருக்கும் ஆறுதல்.

நாலு மணிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "குடிச்சிட்டு விழுந்திட்டார்" என்று சித்திதான் சொன்னாள். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது அப்பாவும் சித்தியும் சித்தப்பா இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு சிங்கள ஐயா வந்து எங்கள் எல்லோருடைய விரலிலும் குத்தி இரத்தம் எடுத்தார். சித்தப்பாவின் இரத்தத்தை முடிவில்தான் பார்த்திருக்கிறார்கள். "மலேரியா அம்மா. மடுக் காட்டுல நுளம்பு கடிச்சது. மூளைக்குப் போயிட்டது" என்றார்.

சித்தி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவர் குடிக்கேல்லையா? நீ மணந்து பாத்தனிதானே, மகள்?"

விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன். இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

"ஓம் சித்தி. மணந்தது."

இன்று பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் அந்த நோயைத்தான் படிக்கிறேன். மூளையின் மிகச் சிறிய இரத்தக் குழாய்களுக்கு உட்பக்கம் ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தான் சுவர். கிருமி புகுந்த சிவப்பணுக்கள் அந்தச் செல்களில் பசை பூசியது போல ஒட்டிக்கொள்கின்றன. பின்னால் வருபவை அவற்றில் முட்டி நிற்கின்றன. குழாய் அடைபடுகிறது. சுவர்ச் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்து குழாய் கசிகிறது, மூளை வீங்குகிறது. கால் தள்ளாடும், வாய் பிதற்றும், தூக்கி வளர்த்த பிள்ளையின் முகம் தெரியாமல் போகும். இதை விரிவுரையாளர் கேட்டபோது வகுப்பில் முதலில் கை தூக்கியவள் நான். ஒரு பிழையில்லாமல் சொன்னேன்.

அந்த நாலு மணித்தியாலம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று, யாரோ ஒருவருடைய கதை போல விரிவுரையாளரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சித்தி அதற்குப் பிறகு மடுவுக்குப் போகவில்லை. சத்தியம் முறித்தவரின் பெண்சாதி எந்த முகத்தோடு போவது என்பாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மட்டும் போவாள். போன கிழமை என்னையும் கூப்பிட்டாள். "வா மகள். வாக்குத் தவறின ஆத்துமா. ரெண்டு பேர் மன்றாடினால் நல்லந்தானே."

மணக்கவில்லை என்ற ஒரு சொல்லை வைத்து ஒருத்தி தன் மிச்ச வாழ்நாளைத் தாங்கியிருப்பாள் என்பது, விரலில் பஞ்சோடு நின்ற அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்கிய நான், சித்திக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவர் செய்யாத பாவத்துக்காக அவளோடு சேர்ந்து மன்றாடினேன்.