ஜயம்மாள் வீட்டு ராஜா

மைசூரில் கல்யாணமாகி வரும் பெண், பிறந்த வீட்டிலிருந்து மரத்தாலான ராஜா ராணி ஜோடி ஒன்றைக் கொண்டுவருவாள். பட்டத்துப் பொம்மை என்று பெயர். நவராத்திரிக் கொலுவில் மேல்படி அதற்குத்தான். மற்ற நாட்களில் பெட்டியை விட்டு வெளியே வராது. ஜயம்மாளும் மேல்கோட்டையிலிருந்து அப்படி ஒரு ஜோடியோடு வந்தவள். வழக்கத்தை மீறும் ஜாதி இல்லை அவள்.

அவள் கணவர் திருநாராயணன் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பத்தேழில் நாடு விடுதலையாகியும் மைசூரில் மகாராஜாவின் ஆட்சியே நடந்தது. மக்கள் மந்திரிசபை வேண்டும் என்று கிளம்பிய ஊர்வலங்களில் அவரும் போனார், சிறைக்கும் போனார். தடியடியில் அவர் தலையில் அடி என்று கூட்டாளி லிங்கப்பன் வந்து சொன்னான். ஜயம்மாள் சிறைக்குப் போய் அவரைப் பார்க்க விடவில்லை.

அன்று மாலை ஜயம்மாள் பெட்டியைத் திறந்து ராஜாவை மட்டும் எடுத்துக் கூடத்தில் வைத்து விளக்கேற்றினாள். அடுத்த முறை வந்த லிங்கப்பன் வாசலிலிருந்தே அதைப் பார்த்தான். புருஷன் சிறையில், இவள் மகாராஜாவுக்குப் பூஜை செய்கிறாளே என்று வந்த வழியே திரும்பிவிட்டான். பிறகு ஒரு சேதியும் வரவில்லை. ஆளைக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். மாட்டாள். அந்த வீம்பு எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

கடைசியில் அரண்மனை இறங்கி வந்தது. மந்திரிசபைக்கு ஒப்புக்கொண்டது, சிறைக் கதவுகள் திறந்தன. ஊரெல்லாம் கொண்டாட்டம். திருநாராயணன் மட்டும் வீட்டு வாசலில் நின்றுகொண்டார். லிங்கப்பன் எல்லாம் சொல்லியிருந்தான். ஜயம்மாளுக்குப் பயம் வந்தது. இப்படியே திரும்பிப் போனால் போனதுதான், அவர் குணம் அவளுக்குத் தெரியும்.

"அந்த ராஜாவைப் பெட்டிக்குள்ளே வை. அப்பறம்தான் நான் வருவேன்" என்றார்.

அவள் பொம்மையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கிரீடத்தைச் சுற்றி ஒரு கிழிசல் துணி கட்டியிருந்தது. துணியில் மஞ்சள் பற்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"உங்களைப் பாக்க விடலை. இதைத்தான் பாத்துண்டேன்."

திருநாராயணன் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, விளக்கடியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினார். காயம் வலப்பக்கம் இருந்தது. அவள் இத்தனை நாளும் பற்றுப் போட்டது இடப்பக்கம். அதைப் பார்த்துத்தான் ஜயம்மாள் அழுதாள்.