பின்னிணைப்பில் இருந்த அத்தைகள்

போன வாரம் என் மாணவன் ஒருவன் தன் ஆய்வேட்டைக் கட்டுப்போட்டுக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கருநீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஒரு தமிழ்த் துறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் ஆய்வேட்டைப் படிக்கிற ஆசை போய்விடும், முகர்கிற ஆசை மட்டும் மிச்சமிருக்கும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? மைதாப் பசையும் ரெக்சினும் கலந்த அந்த வாடை அடித்தாலே எனக்குப் பழனியம்மாவின் ஞாபகம் வந்துவிடும். அவளுடைய ஏடும் கட்டுப்போடுகிற வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தோம். நான் சேலத்துக்காரி. அவள் ஏற்காட்டுக்கு மேலே, மாரமங்கலம் பஸ் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பழம் பறிக்கிறவர். அந்த லைனிலிருந்து எம்.ஏ. படித்ததே இவள் ஒருத்திதான், எம்.ஃபில்.லும் முடித்துவிட்டு வந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் சேர்ந்த முதல் நாளே என்னை அக்கா ஆக்கிவிட்டாள்.

என் தலைப்பு பழைய உரைகளில் வரும் இடைச்சொற்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாத தலைப்பு. என் விஷயத்தில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் செத்து நூற்றுக்கணக்கான வருஷம் ஆனவர்கள். மறுத்துப் பேச மாட்டார்கள். பழனியம்மாவின் தலைப்பு காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பேச்சு. உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கேட்டால் சொல்கிறவர்களுக்குத் துறையில் ‘தகவலாளர்’ என்று பெயர். அந்தச் சொல்லை லைனில் போய்ச் சொன்னபோது ஒரு மாமன் மிரண்டு, “நாங்க ஆரைப் பத்தியும் தகவல் குடுக்கறதில்லீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வது அவள் வழக்கம்.

துறையில் விதிகள் அச்சிட்ட சின்னப் பச்சைப் புத்தகம் ஒன்று இருந்தது. எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும், எத்தனை குழுக் கூட்டம் நடக்க வேண்டும், பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், அட்டை என்ன நிறம், எல்லாம் அதில் இருக்கும். ஆறு வருஷத்துக்குள் ஏட்டைக் கொடுக்க வேண்டும். கையைக் காலைப் பிடித்தால் இன்னொரு வருஷம் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் பதிவு ரத்து. அந்தப் புத்தகத்தின் நடுவில் எங்கேயோ ஒரு வரி, ‘ஆய்வாளரின் உறவினர்களைத் தகவலாளர்களாகக் கொள்ளுதல் கூடாது’ என்று. நான் அந்த வரியைப் படித்ததே இல்லை. அட்டை நிறத்தைப் படித்தேன்.

அவள் ஊருக்கு நான் முதன்முதலாகப் போனது பழம் பறிக்கிற பருவத்தில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது புளித்த வாடை. பழத்தின் தோலை உரித்துக் குவித்திருக்கிறார்கள், அது மழையில் நனைந்து ஊறிப் புளித்துப்போய்க் கிடக்கிறது. எனக்குக் குமட்டியது. அவள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, “ஊட்டுக்கு வந்துட்டோம்க்கா” என்றாள். லைன் என்றால் தகரக் கூரை போட்ட இரண்டு வரிசை வீடுகள். சரிவின் மேல் பக்கம் ஒரு வரிசை, கீழ்ப் பக்கம் ஒரு வரிசை. அவர்களுடைய முன்னோர்கள் ஆத்தூர்ப் பக்கம், தர்மபுரிப் பக்கம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து மலையேறி வந்தவர்கள். ஒருவருக்கு ஒருவர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் மனுஷர்கள் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட்டுக்கொண்டு எத்தனை நாள் வாழ முடியும்? அதனால் அவர்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உன் வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் பங்காளி: சித்தப்பா, பெரியப்பா, பெரியம்மா. எதிர் வரிசைக்காரர்கள் எல்லாம் மாமன், அத்தை. வேடிக்கை என்னவென்றால், கூரை ஒழுகுகிறது என்று ஒரு குடும்பம் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு வீடு மாறியது. மறுநாள் காலையிலிருந்து அந்த மாமன் கீழ் வரிசைக்காரியான பழனியம்மாவுக்குப் பெரியப்பா. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேரேட்டில் வீட்டு எண்ணை மாற்றினார், இவர்கள் முறையை மாற்றினார்கள். இதைத்தான் பழனியம்மா தன் ஏட்டின் மூன்றாம் இயலில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். நான் படித்ததிலேயே நல்ல இயல் அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அவளுக்குத் தட்டச்சு வராது. எனக்கு வரும், வரும் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால் ஏட்டின் கடைசியில் வரும் பின்னிணைப்பை, தகவலாளர் பெயர்ப் பட்டியலை, நான் அடித்துக் கொடுத்தேன். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தபடி, ‘சின்னப்பாப்பா பெரியம்மா, பழம் பறிப்பு’, ‘மாராயி அத்தை, குழந்தைக் காப்பக ஆயா’ என்று. நாற்பத்தொரு பேர். பாதியில் அவளே கேட்டாள், “வெறும் பேரை மட்டும் போட்டாப் போதுங்களாக்கா?” என்று. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வயசானவங்களை மொட்டையாப் பேர் போட்டா நல்லாவா இருக்கும்? இப்படியே இருக்கட்டும்” என்றேன். என்னமோ எனக்குத்தான் மரியாதை தெரியும் என்கிற மாதிரி.

ஏட்டைக் கொடுப்பதற்கு முன்னால் குழுவின் முன்னிலையில் ஒரு கருத்தரங்கு நடக்கும். துறை மாணவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்போம். அவள் பேசி முடித்ததும் குழுவில் வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் ஏட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் இயல் பக்கம் அவர் போகவே இல்லை. “ஏம்மா, அத்தை, மாமன், பெரியம்மா... ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களை எல்லாம் உட்கார வச்சுக் கதை கேட்டு டாக்டர் பட்டம் வாங்கப் பாக்கறியா?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு, அதே நெறியாளர், அநேகமாக அதே பேராசிரியர். எழுந்து நின்று, ‘ஐயா, அது முறைப்பெயர்தான், ரத்த உறவு இல்லை, அடித்தது நான்தான்’ என்று மூன்று வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழனியம்மா விளக்கினாள். குரல் நடுங்கியதால் அது விளக்கமாகக் கேட்கவில்லை, கெஞ்சலாகக் கேட்டது.

பச்சைப் புத்தகத்தின் அந்த வரியைக் காட்டி, குழு பார்த்த பட்டியலை இனி மாற்றவும் முடியாது என்று ஏட்டை வாங்க மறுத்த அலுவலகம், கடைசியில் ஒரு வழி சொன்னது. உறவுப் பெயர் போட்டிருக்கிற ஒவ்வொருவரிடமும் ‘ஆய்வாளர் எனக்கு உறவினர் அல்லர்’ என்று கையெழுத்து வாங்கி இணைத்துவிட்டால் ஏட்டை எடுத்துக்கொள்வார்கள். நீட்டித்துக் கொடுத்த வருஷமும் முடிய எட்டு நாள் இருந்தது. நான்தான் அந்த உறுதிமொழியை எழுதினேன். குற்ற உணர்ச்சியில் ஓடி ஓடி வேலை செய்தேன். ‘அல்லர்’ போடுவதா, ‘அல்லள்’ போடுவதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். இலக்கணம் படித்த திமிர் சும்மா இருக்குமா? யாரும் கேட்காத ஒரு சொல்லையும் நானாகச் சேர்த்தேன். ‘ஆய்வாளர் பழனியம்மாள் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர்.’ எவ்வகையிலும். இனி யாரும் நொட்டைச் சொல் சொல்ல முடியாது என்று திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மலையேறினோம். பையில் தாள்கள், மை டப்பா. பாதிப் பேர் என்ன ஏது என்று கேட்கவே இல்லை, “எங்க வெக்கோணும் கண்ணு?” என்று கட்டை விரலை நீட்டினார்கள். பழனியம்மா யார் முகத்தையும் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். இப்படியே மேல் வரிசையின் கடைசி வீட்டுக்கு வந்தோம். மாராயி அத்தை வீடு. பழனியம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மா நெஞ்சு நோய் வந்து எட்டு மாதம் சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்த எட்டு மாதமும் இவள் தின்றதும் தூங்கியதும் அந்த வீட்டில்தான். லைனில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்களில் அத்தையும் ஒருவர். அது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். “எனக்கு... எவ்... வகையிலும்...” நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது என்னங்க வார்த்தை?”

நான் வாத்தியார் மாதிரிச் சொன்னேன். “எந்த விதத்துலயும் சொந்தம் இல்லைன்னு அர்த்தங்க.”

“ஓ” என்றார். “இதுல போட்டாப் புள்ளைக்குப் பட்டம் வந்துருங்களா?”

“வந்துருங்க.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பழனியம்மாவின் கன்னத்தைத் தொட்டார். “அளுவாத சாமி. உனக்கு நல்லது நடக்கும்னா நான் உனக்கு ஆருமில்லைன்னே எளுதித் தாறேன். காயிதத்துலதான?” என்னிடம் திரும்பி, “அவங்க அம்மாகிட்டச் சொல்லீராதீங்க. அது நொம்ப மனசு விட்டுரும்” என்றார்.

பஸ்ஸுக்காக நின்றபோது பழனியம்மா எல்லாத் தாள்களையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “இதை நான் குடுக்க மாட்டேனுங்க்கா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “உனக்கென்ன பைத்தியமா? ஏழு வருஷப் படிப்பு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. வெறும் காகிதம்டி.”

“காயிதத்துல எளுதறது எல்லாம் சும்மான்னா, நான் ஏழு வருசமா என்னத்தை எளுதுனேன்?”

எட்டு நாளும் போயிற்று. அவள் வரவில்லை. பதிவு ரத்தான கடிதம் ஒருநாள் துறை அறிவிப்புப் பலகையில், நூலகப் புத்தகம் திருப்பித் தராதவர்கள் பட்டியலுக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் முனைவர் ஆனேன், ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன், பிறகு நெறியாளரும் ஆனேன். அவள் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் காப்பித்தூளும் மிளகும் விற்கிற கடை வைத்தாள். முதலில் அடிக்கடி பேசிக்கொண்டோம். பிறகு பொங்கலுக்குப் பொங்கல். பிறகு அதுவும் இல்லை. பேசாமல் விட்டது அவள் இல்லை, நான்.

மாணவனின் ஏட்டை முகர்ந்த அன்றைக்குத்தான், அவனுக்காகப் புது விதிப் புத்தகத்தைத் திறந்தேன். இப்போது புத்தகம் என்று ஒன்று கிடையாது, செல்போனில் வருகிறது. நாங்கள் படித்த எம்.ஃபில். என்கிற படிப்பே இப்போது இல்லை. பழனியம்மாவின் பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டம் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன். உறவினர் பற்றிய அந்த வரியையும் காணவில்லை. எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. “அப்படி ஒரு விதி இருந்துச்சா மேடம்?” என்று அலுவலகத்தில் என்னையே கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தேன். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் எஸ்டேட் பக்கம் போய்விட்டு வரலாம் என்று தோன்றியது. லைன் இல்லை. மேல் வரிசையும் இல்லை, கீழ் வரிசையும் இல்லை. சரிவைச் சமப்படுத்திக் கண்ணாடி வைத்த காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். மூச்சை இழுத்துப் பார்த்தேன். புல்வெளிக்குத் தண்ணீர் விட்டிருந்த ஈர வாடைதான் வந்தது.

கடையில் பழனியம்மா மிளகு நிறுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க்கா” என்று நேற்றுப் பார்த்தவள் மாதிரி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் வந்ததும் வராததுமாகக் கொட்டினேன். “பழனியம்மா, அந்த விதியை எடுத்துட்டாங்க. நீ மறுபடியும் பதிவு பண்ணலாம். நானே நெறியாளரா இருக்கேன். அந்த மூணாம் இயல் அப்படியே போதும்.”

அவள் பொட்டலத்தைக் கட்டி, வாங்க வந்தவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

“மாராயி அத்தை தவறிப்போயி மூணு மாசமாச்சுங்க்கா.”

அவள் தராசுத் தட்டைத் துடைத்தபடி சொன்னாள். “லைனை இடிச்சதும் எல்லாரும் திருப்பூரு, சேலம்னு போயிட்டாங்க. அத்தைக்குப் போறதுக்கு ஊரு இல்லீங்க, எங்கூடத்தான் இருந்துச்சு. கடைசியா ஆஸ்பத்திரில சேக்கறப்ப ஒரு ஃபாரத்தைக் குடுத்து, நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு எளுதச் சொன்னாங்க.”

துணியை மடித்து வைத்தாள்.

“மருமகள்னு எளுதிக் கையெளுத்துப் போட்டேனுங்க்கா. ஆரும் ஒன்னும் கேக்கல.”