வெள்ளைக் காதுக்காரியின் அறுபதாவது நாள்

அந்த இரண்டு நாட்களும் நான் யாருக்குப் பயந்து சும்மா இருந்தேன்? நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு வியாழக்கிழமைத் தாள் என் பீரோவில், மகளின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருக்கிறது. தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனா வட்டம். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான்.

வட்டம் போட்டவர் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது ஓசூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அக்காவுக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இணையத்தில் பிராணி வளர்க்கும் விளையாட்டு அது. நரியும் நாயும் கலந்தது போன்ற குட்டிகளை இணை சேர்த்து, ஏழு தலைமுறைக்குப் பிறகு, கறுப்பு உடம்பும் வெள்ளைக் காதுகளுமாய் ஒன்றைப் பிறக்க வைத்திருந்தார். அந்த வம்சத்தில் மிச்சமிருந்த பெண் அது ஒன்றுதான். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. "பொட்டிக்குள்ள பேறு பாக்கறா" என்பார் மாமியார், அக்கா காதில் விழும்படியே.

விளையாட்டின் ஆங்கில விதிகளை அக்காவுக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். பெண் பிராணி அறுபது நாள் வயது வரைதான் ஈனும். பிறகு உயிரோடு இருக்கும், இணை சேர்க்கும் பட்டன் மட்டும் மறைந்துவிடும். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கம்ப்யூட்டர்லயுமா கண்ணு?" என்றார்.

வெள்ளைக் காதுக்காரிக்கு வேறொரு ஆட்டக்காரரிடம் தகுந்த ஜோடி கிடைத்த வாரத்தில், ஜவளகிரியில் அக்காவின் அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அக்கா கிளம்பும்போது நாட்காட்டியில் வட்டம் போட்டார். "ஜோடி வியாழக்கிழம வந்துரும். அன்னிக்கே அமுக்கிடு கண்ணு, வெள்ளிய தாண்ட உட்றாத."

வியாழக்கிழமை தாளைப் பார்த்தேன். வட்டத்துக்குக் கீழே அஷ்டமி என்று அச்சாகியிருந்தது. மறுநாள் நவமி. நான் பி.எஸ்சி. படித்தவள். ஆனால் என் மகளுக்கு முதல் சோறு ஊட்டியது தெரியாமல் ஒரு நவமியில். அந்த வாரமே அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிய அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அக்காவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை என் கையால் கெட்டுப்போகக் கூடாதே என்று பயந்தேன். நாட்களை எண்ணினேன். குழந்தைக்கு எண்ணுவது போலப் பிறந்ததற்கு மறுநாளிலிருந்து எண்ணினால் சனிக்கிழமைதான் அறுபது. அன்று தசமி. சனிக்கிழமை குளித்து, விளக்கேற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பட்டன் இல்லை. விளையாட்டு, பிறந்த நாளையும் ஒன்று என்று எண்ணியிருந்தது.

அக்கா ஞாயிறன்று வந்தார். கால்கூடக் கழுவாமல் திரைக்குப் போனார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை.

"எனக்கும் இப்பிடித்தான் நாள் பாத்தாங்க கண்ணு. ஆடி போவட்டும், மார்கழி போவட்டும்னு. பெங்களூரு டாக்டரு, இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்மான்னாரு. நீ படிச்சவ, நாளெல்லாம் பாக்கமாட்டன்னு நெனச்சிட்டேன்."

அதன்பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வெள்ளைக் காதுக்காரி தினமும் தீனி கேட்டது. நான்தான் போட்டேன். ஒருநாள் அதுவும் திரையிலிருந்து போய்விட்டது. அதற்கு முன்பே அக்கா ஜவளகிரிக்கு, அம்மா வீட்டுக்கே போயிருந்தார். யாரும் அழைக்கப் போகவில்லை, நானும்தான். பிறகு கோர்ட்டில் விவாகரத்தாகி எல்லாம் முடிந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. கணவருடைய அண்ணனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். நேற்று மாமியார் நாட்காட்டியை என் மடியில் வைத்து, "நீதான் படிச்சவ, நிச்சயத்துக்கு நல்ல நாளா பாத்துச் சொல்லு" என்றார். என் மகள் அதன் தாள்களைப் புரட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். இன்னும் ஒரு தேதியும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமைத் தாளை எடுத்துக்கொண்டு ஜவளகிரிக்குப் போய் அக்கா முன்னால் நிற்கலாமா? இல்லை, அது அவரை இன்னொரு முறை நோகடிப்பதா? படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். நல்ல நாள் பார்க்காமல், தோன்றியதும் எழுதுங்கள்.