வெறும் நெற்றி

ஆறாம் வகுப்பில் எங்கள் டீச்சருக்கு உயிருக்கு உயிரான பொருள் ஒன்று இருந்தது. கிரேக்கப் பெண் தெய்வம் ஒன்றின் தலை. வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்தது. கல்லூரிக் காலத்தில் ஏதென்ஸில் வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். வார இறுதியில் ஒவ்வொரு பிள்ளையாக அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து வரைந்து வர வேண்டும். என் முறை வந்தபோது அம்மா அதை அமெரிக்காவில் எங்கள் சான் ரமோன் வீட்டு ஹாலில் உயரமான அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு, அப்பாவைக்கூட அந்தப் பக்கம் நடக்க விடவில்லை.

அத்தையிடம் மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. அப்பாவின் அக்கா அவர். மாமா இறந்து வருடம் திரும்பியதும், மனசு கொஞ்சம் மாறட்டும் என்று அப்பா கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தால் சிலையின் நெற்றியில் பெரிய பொட்டு. அம்மாவின் குங்குமச் சிமிழ் அத்தை கையில் இருந்தது. அதற்கு முன் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

“பொம்பளைய இப்படி வெறும் நெத்தியோட நிறுத்தி வெச்சிருக்கறீங்களே கண்ணு, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார்.

“இட்ஸ் நாட் சாமி, அத்தை. இட்ஸ் ஹோம்வொர்க்” என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்தாள். அதுதான் வினையாயிற்று. பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கச் சிவப்பும் கூடவே இறங்கி மூக்குவரை வந்தது. அடிபட்டு ரத்தம் வழிகிற முகம் போல ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பு, பற்பசை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. நாத்தனாரை ஒரு வார்த்தை சொல்ல முடியாத கோபத்தை அம்மா என்மேல் காட்டினாள். அப்பா போனில் வேறொரு தலையைத் தேடினார். எதுவும் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. வகுப்பில் பாதி நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனாலும் கிரேக்க சாமிக்குப் பொட்டு வைத்த வீடு எங்களுடையது என்று ஆகிவிடுமே என்று எனக்குப் பயம். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. அத்தையும் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் துண்டில் சுற்றிய தலையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன். டீச்சர் துண்டை விலக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. யார் செய்தது, ஏன் என்று கேட்டார், சொன்னேன். துண்டை மடித்து வைத்துவிட்டு, பழைய கிரேக்கச் சிலைகள் செய்த காலத்தில் வெள்ளையாகவே இல்லை என்றார். உதட்டுக்குச் சிவப்பு, கண்ணுக்குக் கருவிழி, கூந்தலுக்கும் உடைக்கும் நிறம் என்று எல்லாம் தீட்டியிருந்தார்களாம். மழையும் மண்ணும் தின்றது போக, வெள்ளைதான் அழகு என்று நினைத்தவர்கள் ஒட்டியிருந்ததையும் சில சிலைகளில் தேய்த்துக் கழுவிவிட்டார்களாம். இனி இதைக் கழுவ வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லி மேசைமேல் வைத்தார். குரலில் வருத்தம் இருக்கத்தான் செய்தது.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் தமிழும் ஆங்கிலமுமாக அவ்வளவையும் கொட்டினேன்.

“அப்படித் தேய்ச்சுக் கழுவுன பொறகும் கொஞ்சமாச்சும் இருக்குமா கண்ணு?” என்றார் கடைசியில்.

இருக்கும் என்றேன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அதற்கென்று உள்ள விளக்கை வைத்துப் பார்த்தால் எங்கே வண்ணம் இருந்தது என்று தெரிந்துவிடும் என டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அத்தை தன் நெற்றியை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதுதான் சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேனே, இன்னும் எதற்கு அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.